சாம்பார் அண்டாவில் இறங்கிய கல்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் நான் பார்த்துவந்த மீன் தொட்டிகளை இனி நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். என் முழங்கால் இரண்டும் கூடிப் பேசி எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டன. தரையில் குந்தி உட்கார்ந்து பம்பைக் கழற்ற முடியாதவளுக்கு இந்தத் தொழிலில் வேலையில்லை. கடையில் உங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உப்பு எவ்வளவு கலப்பது, விளக்கு எவ்வளவு நேரம் எரிவது, ஃபில்டரை எப்போது கழுவுவது என்பதெல்லாம் அந்தந்த அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். பெட்டியில் அச்சடிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வித்தவுட்.

உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் நாம் அடுக்கும் லைவ் ராக் வெறும் கல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதன் பொந்துகளில் ஒரு ஊரே குடியிருக்கும். வாங்கும்போது மொட்டையாக இருக்கிற கல்லில், நம் விளக்கும் சாப்பாடும் கிடைத்த பிறகு ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். சில பவளம், பூ மாதிரி விரிகிற சில அனிமோன், சில புழு. நாம் காசு கொடுத்து வாங்காமல் கல்லில் ஒட்டிக்கொண்டு வந்தவை என்பதால் எங்கள் காலத்து ஆட்கள் அவற்றை வித்தவுட் என்போம். கடலூர் பாசஞ்சரில் டிக்கெட் எடுக்காமல் வருகிறவர்களுக்கு வைத்த அதே பெயர்தான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கடலில் இறங்கிப் பவளப் பாறையைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். அப்படி எடுத்த கல்லை எவனாவது மலிவாகத் தருகிறேன் என்றால் அவன் போன் நம்பரையே அழித்துவிடுங்கள். நான் சொல்வதெல்லாம் தொட்டிக்குள்ளேயே வளர்த்துக் கைமாறுகிற செயற்கைக் கற்களைப் பற்றி.

வித்தவுட் முளைத்ததும் வாடிக்கையாளருக்கு இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, தன் தொட்டியில் புதையல் கிடைத்துவிட்டது என்று குதிப்பார். நெல்லிக்குப்பத்தில் ஒருவர் தன் கல்லில் ஊதா நிறத்தில் குழாய் மாதிரி ஒரு அபூர்வப் பவளம் வளர்வதாகச் சொல்லி, அதைப் பார்க்க சர்க்கரை ஆலையில் தன்னோடு வேலை செய்கிறவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சுரண்டிப் பார்த்தேன். பால்பாயின்ட் பேனாவின் மூடி. மேலே ஊதாப் பாசி படிந்திருந்தது. அவர் அதற்கு மனைவியின் பெயரை வைத்திருந்தார், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொன்று, என்னவென்று தெரியாததாலேயே அதைக் கொன்றுவிடத் துடிப்பார். மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் டாக்டர், கண்ணாடி போல நீண்ட விரல்களோடு ஒரு அனிமோன் வந்திருப்பதைப் பார்த்து, பல்லில் காரை எடுக்கிற கருவியாலேயே அதைச் சுரண்டி எடுத்தார். அழகாகத்தான் எடுத்தார். அந்த அனிமோனின் ஒவ்வொரு துணுக்கும் தனியாக வளரும் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் கல் முழுக்க அதுதான்.

நீங்களும் இந்த இரண்டு வகை ஆட்களிடமும் மாட்டுவீர்கள். வாட்ஸப்பில் மங்கலாக ஒரு படம் அனுப்பி, "இது பேரு என்னாக்கா?" என்பார்கள். பெயரைச் சொல்ல அவசரப்படாதீர்கள். அந்த உயிர் என்ன செய்கிறது என்று கேளுங்கள். தனியாக நிற்கிறதா, கூட்டமா? கூட்டமென்றால் அடியில் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா? குச்சியால் தொட்டால் எப்படி மூடிக்கொள்கிறது? உடம்புக்கு அடியில் கெட்டியாக எலும்பு மாதிரி ஏதாவது தெரிகிறதா? நான் இப்படித்தான் கேட்பேன். பாதி நேரம் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவர்களே பதிலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மீதிப் பாதி நேரத்தில் நடந்த ஒன்றைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சிதம்பரத்தில் கலியமூர்த்தி என்று ஒரு கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர் என் வாடிக்கையாளர். வண்டிகேட்டுக்குப் பக்கத்தில் வீடு. முன்னறையில் தொட்டி, வீட்டுக்குப் பின்னால் சமையல் கொட்டகை. சுத்த சைவம். கோயில் ஊரில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அவர் பெயர் அடிபடும். அதற்கு ருசி மட்டும் காரணமில்லை. சாமிக்குப் படைத்து, பந்தியில் பரிமாறுவதற்கு முன் அவர் கொட்டகையில் ஒரு ஆளும் சமைத்ததை வாயில் வைக்க மாட்டான் என்பது அவருடைய பெருமை. உப்பைக்கூட வாசனையை வைத்தே சொல்லிவிடுவார்கள் என்று பெண் வீட்டுக்காரர்களிடம் மார்தட்டுவார். எச்சில் படாத சமையல் என்பதற்காகவே ஊரில் பெரிய குடும்பங்கள் அவரைத் தேடி வந்தன. ருசி பார்த்ததற்காக ஒரு சமையல்காரரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

கொட்டகையில் அவருக்கு வலது கை வேலு. கலியமூர்த்தியின் மனைவி மல்லிகாவின் தம்பி. நாற்பது வயசு, கல்யாணமாகிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சாம்பார் அவர் பொறுப்பு. மாமனும் மச்சானும் ஒரு நாளும் முகம் கோணி நான் பார்த்ததில்லை.

பாண்டிச்சேரியில் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாடு போனபோது, அவர் தொட்டியில் பல வருடம் ஊறிய பெரிய கல் ஒன்றைக் கலியமூர்த்தி வாங்கி வந்தார். என்னிடம் கேட்கவில்லை. முன்னறைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, கல் நல்லா இருக்கு என்று போனில் மட்டும் சொன்னார். அடுத்த வாரம் வரும்போது பார்க்கிறேன், அதுவரைக்கும் அதை வெறும் கையால் தொடாதீர்கள் என்றேன். சரிக்கா என்றார். எல்லா வாடிக்கையாளரும் சொல்கிற சரிதான்.

அடுத்த வாரம் கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். முட்லூர் தாண்டும்போது கலியமூர்த்தியின் போன் வந்தது.

"அக்கா, ஒரு சந்தேகம். அந்தக் கல்லுல பழுப்பா என்னமோ முளைச்சிருக்கு. வீட்டுக்கு வர்றவங்கள்லாம் இது என்னா சொறியான்னு கேக்குறாங்க. மல்லிகாவுக்கு மானம் போவுது. வெந்நீர்ல போட்டு எடுத்தா போயிடுமா?"

"கல் இப்ப எங்க இருக்கு?" என்றேன். இந்தத் தொழிலில் முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"பக்கத்துலதான்க்கா இருக்கு."

சரி, வெளியே எடுத்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன். படம் அனுப்பச் சொன்னேன். முந்தின நாள் எடுத்தது என்று ஒன்று வந்தது. படத்தில் தொட்டியின் கண்ணாடியில் கலியமூர்த்தியின் சட்டை தெளிவாகத் தெரிந்தது, கல் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் வாயாலேயே கேட்க ஆரம்பித்தேன். சமையல்காரரிடம் அவர் பாஷையில் கேட்டால்தான் வேலைக்காகும்.

"பாக்க எப்படி இருக்கு? போண்டா மாதிரியா, அப்பளம் மாதிரியா?"

"ரெண்டும் இல்லக்கா. பட்டன் மாதிரி. ஓரத்துல பொடிப்பொடியா முடி."

"முடி நீளமா, குட்டையா?"

"குட்டை."

பல் டாக்டர் வீட்டு அனிமோன் இல்லை. அதற்கு விரல் நீளம்.

"தனித்தனியா நிக்குதா?"

"பாத்தா தனித்தனியாத்தான் இருக்கு. அடியில எல்லாம் ஒண்ணுக்கா. இட்லித் தட்டுல மாவு ஜாஸ்தியா ஊத்திட்டா வழிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் பாருங்க, அப்படி."

இதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. அது பட்டன் பவளமாகத்தான் இருக்க வேண்டும். பட்டன் பவளத்தில் பல வகை உண்டு. அழகுக்காகவே தேடி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் சில வகைகளின் சதையில் கடுமையான விஷம் இருக்கும். கல்லைத் தேய்த்தாலோ சுட வைத்தாலோ அந்த விஷம் நீராவியோடு மூச்சில் போகும். கொதிக்க வைத்தால் செத்துப்போகிற கிருமி இல்லை அது. எது விஷம் உள்ளது, எது இல்லாதது என்று கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்தவர் யாரையும் நான் சந்தித்ததும் இல்லை. ஆனால் மிக மோசமான வகைக்கு ஒரு பழக்கம் உண்டு. மணலைத் தன் தோலுக்குள்ளேயே பதித்துக்கொள்ளும்.

"தம்பி, அது மேல மணல் இருக்கா?"

"இருக்குக்கா. ரவையில புரட்டி எடுத்த மாதிரி. குழாய்ல கழுவிப் பாத்தேன், போவல."

கழுவினாரா? சரி, அதை அப்புறம் கேட்போம் என்று அடுத்த கேள்விக்கு வாயெடுத்தபோதுதான் போனில் அந்தச் சத்தம் காதில் உறைத்தது. ஆரம்பத்திலிருந்தே உஸ்ஸென்று ஒரு இரைச்சல். தொட்டியின் காற்று பம்ப் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் பாதி அந்தச் சத்தத்தில் போயிருக்கிறது. இது அது இல்லை.

"அது என்னா சத்தம்?"

"அடுப்புக்கா."

"அடுப்புல என்னா இருக்கு?"

பஸ்ஸிலேயே குரலை உயர்த்தினேன்.

"கலியமூர்த்தி, அடுப்புல என்னா இருக்கு?"

"கேக்குறதுக்கு முன்னாடியே ஏத்திட்டேன்க்கா," என்றார். "சாம்பார் அண்டாதான் அதுக்குச் சரியா இருந்துச்சு. கொதி வந்துடுச்சு. வேலு நுரை எடுத்துட்டு இருக்கான்."

வாடிக்கையாளர் "செய்யலாமா?" என்று கேட்டால் அதைச் செய்து முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. பக்கத்தில், அண்டாவுக்குள் இருந்தது. அதன் மேல் குனிந்து, பருப்பு கொதித்தால் நுரை எடுப்பதுபோலப் பழக்கத்தில் ஒரு மனுஷன் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"சிலிண்டர் வால்வை மூடு. அண்டா கிட்ட போவாத. கொட்டகையில இருக்கிற அத்தினி பேரும் தெருவுக்கு வாங்க. இப்பவே."

"அக்கா, நாளைக்கு முகூர்த்தம். காய் நறுக்கிட்டு இருக்காங்க. அந்த அண்டாவும் சாயங்காலம் லோடு ஏறணும். இது நிச்சயமா விஷம்தானா?"

இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நிச்சயம் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கல்லை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு சமையல்காரர் சொன்ன இட்லியும் ரவையும்தான் கையில் இருந்தது. பொய்யாக அடித்துச் சொல்லலாம். ஆனால் நாளைக்கு அது தவறு என்று தெரிந்தால் அடுத்த முறை உண்மையான ஆபத்தில் அவர் என்னை நம்ப மாட்டார். தெரியாது என்று இழுத்தால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

"தெரியாது தம்பி," என்றேன். "நான் சொல்றது தப்பாப் போச்சுன்னா ஒரு அண்டா போவும், ரெண்டு கூடை காய் போவும். சரியாப் போச்சுன்னா உன் மச்சான் போயிடுவான். நீயே பாத்துக்க."

அதுவரைக்கும் அவரை நான் நீங்க என்றுதான் பேசிவந்தேன். எப்போது நீ என்று மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. போனில் அந்த இரைச்சல் நின்றது. பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "யாருக்கும்மா, நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நல்லா இருப்பாங்க என்றேன். வெள்ளாற்றுப் பாலம் அன்றைக்குப் போல நீளமாக எனக்கு என்றும் இருந்ததில்லை.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் தெருவில் நின்றிருந்தார்கள். கொட்டகையில் தூரத்தில் இருந்து காய் நறுக்கியவர்களுக்கு ஒன்றுமில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தது மூன்று பேர். கலியமூர்த்தி, வேலு, பாத்திரம் கழுவுகிற அஞ்சலை. மூன்று பேருக்கும் தொண்டை எரிச்சல். அஞ்சலை இருமிக்கொண்டிருந்தார். உள்ளே போகவே கூடாது, அண்டா ஆறட்டும், யாரும் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்று மல்லிகாவிடம் சொல்லி அவரைக் காவலுக்கு வைத்துவிட்டு, மூன்று பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டியூட்டியில் இருந்தது இளம் டாக்டர் அம்மா. பவளத்திலிருந்து விஷம் என்றதும் ஒரு நொடி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். உடனே யாருக்கோ போன் செய்து விசாரித்தார். திரும்பி வந்து தெளிவாகக் கேட்டார்.

"ஆவிய மட்டும் சுவாசிச்சிருந்தா ஒரு மாதிரி பாக்கணும். வாய் வழியா உள்ள போயிருந்தா வேற. இதயம், தசை எல்லாத்தையும் நிமிஷத்துக்கு நிமிஷம் கவனிக்கணும். மானிட்டரோட எங்கிட்ட இப்ப ஒரு பெட்தான் காலி. உங்கள்ல யாராவது அந்தத் தண்ணிய வாயில வச்சீங்களா?"

மூன்று பேரும் இல்லை என்றார்கள். கலியமூர்த்தி நிமிர்ந்து நின்றார். அந்த நிலைமையிலும் அவருக்குப் பெருமை போகவில்லை.

"எங்க கொட்டகையில எது கொதிச்சாலும் யாரும் வாயில வைக்க மாட்டாங்க டாக்டர். ஊருக்கே தெரியும்."

"அப்ப இருமுறாங்களே, இந்த அம்மாவ பெட்டுக்கு அனுப்புறேன்," என்றார் டாக்டர். பார்த்தால் அதுதான் நியாயம். அஞ்சலைக்குத்தான் இருமல் அதிகம்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வேலு தன் தோளில் கிடந்த துண்டின் நுனியால் நாக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரும் பார்க்காதபோது துடைப்பார், பார்த்தால் வாயை மூடிக்கொள்வார். தொட்டால் சுருங்குகிற உயிர்களோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். நேராகப் போய் வாயில வச்சியா என்று மறுபடி கேட்டால் இல்லை என்றுதான் வரும். மாமா பக்கத்தில் நிற்கிறார். ருசி பார்த்ததற்காக ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பிய மாமா. வேலு சொல்கிற ஒரு வார்த்தையில் அவருடைய வேலையும் போகும், மாமனுடைய பெயரும் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

பக்கத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டு, ஊர்க்கதை பேசுவது போல ஆரம்பித்தேன்.

"வேலு, அண்டாவுல தண்ணி எவ்ளோ வச்சீங்க?"

"பாதி அண்டாக்கா."

"போர் தண்ணியா?"

"கல்லு மூழ்க தொட்டித் தண்ணி கொஞ்சம், பாக்கி போர் தண்ணி."

"அப்ப உப்பு சரியா இருந்திருக்குமே?"

"எங்கக்கா," என்றார் வேலு. "ஜாஸ்தி. கடைசியில ஒரு கசப்பு வேற."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கலியமூர்த்தி எங்களைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். டாக்டர் அம்மா காத்திருக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, வேலுவைக் கையைப் பிடித்து எழுப்பி மானிட்டர் பெட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். அஞ்சலைக்கு ஆக்சிஜனோடு வராந்தாவில் ஒரு கட்டில் போட்டார்கள். போகும்போது வேலு திரும்பி, "உள்ளங்கையில ரெண்டு சொட்டுதான் மாமா. பழக்கதோஷம் மாமா," என்றார்.

இருட்டுவதற்குள் வேலுவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. காலும் தொடையும் பிடித்து இழுத்தன. மூச்சு வாங்கியது. மானிட்டரில் இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடியபோது டாக்டரும் நர்ஸும் பக்கத்திலேயே இருந்தார்கள், மருந்தும் கையில் இருந்தது. வராந்தாவில் இருந்திருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் பின்னால் என்னிடம் சொன்னார். கொட்டகைக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் காவல் வைத்துவிட்டு மல்லிகா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். தம்பி ஏன் முதலில் மறைத்தான் என்று தெரிந்ததும் அவர் அழவில்லை. புருஷன் முன்னால் வந்து நின்றார்.

"உங்க பேரு பெருசா, எந்தம்பி பெருசா?"

வாடிக்கையாளர் வீட்டுச் சண்டையில் நாம் தலையிடக் கூடாது என்பது தொழில் தர்மம். நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போகும்வரை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் முகூர்த்தம் நின்றுபோகவில்லை. வாடகைப் பாத்திரத்தில், வேறு இடத்தில், மீதி ஆட்களை வைத்து ஒப்பேற்றினார்கள். நான் கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, ஆறிப்போன அண்டாவுக்குள் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றி ஊறவைத்தேன். ஊறிய பிறகு கல்லைக் குழி தோண்டிப் புதைத்தோம். அண்டாவை யாராவது எடுத்துப் புழங்கிவிடுவார்களோ என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கலியமூர்த்தியே கடப்பாரையை எடுத்து அதன் அடியில் ஓட்டை போட்டார். ஒன்றில் நிறுத்தவில்லை. கை வலிக்கும்வரை போட்டார்.

அது எந்த வகைப் பவளம் என்று நீங்கள் கேட்பீர்கள். இன்றுவரை தெரியாது. வெந்துபோனதை வைத்து யாராலும் சொல்ல முடியவில்லை. அடியில் சேர்ந்திருந்தது, மணலைப் பதித்துக்கொண்டிருந்தது, கசந்தது, ஒரு மனுஷனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. பெயர் தெரியாமலேயே அதை நான் சரியாக அடையாளம் கண்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நீங்களும் பெயர் கிடைக்கவில்லையே என்று வெட்கப்பட்டு நிற்காதீர்கள். தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, தெரியாத ஒன்றின் முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.

அஞ்சலைக்கு இருமல் இரண்டு நாளில் நின்றது. வேலு வீடு திரும்பிக் கொஞ்ச நாள் படிக்கட்டு ஏற மூச்சு வாங்கினார், அப்புறம் சரியாகிவிட்டது. ஆனால் கொட்டகைக்குப் போகவில்லை. மாமா கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை. தொட்டி கழுவப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. விஷத்திலிருந்து பிழைத்த ஆளை மரியாதையால் கொன்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த ஒரு முகூர்த்தத்துக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார் கலியமூர்த்தி. கீழ வீதிப் பக்கம் மண்டபம். சீக்கிரமே போய்விட்டேன். நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். புது அண்டாவில் சாம்பார் இறக்கி வைத்திருந்தார்கள். இன்னும் படையல் ஆகவில்லை, பந்திக்கு இலை போடவில்லை. கலியமூர்த்தி கரண்டியோடு தனியாக நின்றிருந்தார். வேலுவின் இடத்தில் வேறு ஆளைப் போட அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. முகம் வாடியிருந்தது. நான் பக்கத்தில் போய் மணத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"வாசனை நல்லா இருக்கே. உப்பு சரியா இருக்கா தம்பி?"

"கொஞ்சம் கம்மிக்கா," என்றார்.

அண்டாவைப் பார்த்தேன், படையல் போடாத வாழையிலையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையில் இன்னும் காயாத சாம்பாரைப் பார்த்தார். பிறகு கரண்டியை அண்டா மேல் வைத்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தார்.

"மச்சான்," என்றார் போனில். "சட்டையப் போட்டுக்கிட்டு மண்டபத்துக்கு வாடா. சாம்பார்ல உப்பு பாக்க ஆள் இல்ல."